ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

திருவொற்றியூர் இறால் கம்பெனியில் அன்று காலை பத்தரை மணிக்கு லூர்து மேரியின் கையிலிருந்து ஓர் இறால் நழுவித் தரையில் விழுந்தது. மூன்றாம் மேசைக்கு எதிரே நின்றிருந்த சூப்பர்வைசர் தங்கபுஷ்பம் அதட்டினாள்.

"எக்கா, கவனம் எங்க கெடக்கு? கீழ விழுந்தத எடுத்துத் தட்டுல போட்றாத."

லூர்து குனிந்தாள். வலது கை விரல்கள் இறாலைத் தொட்டன, பிடிக்கவில்லை. இன்னொரு தரம் முயன்றாள். பிறகு நிமிர்ந்து, தன் கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஐஸ் தண்ணியில மரத்துப் போச்சா? போய் வெந்நியில முக்கிட்டு வா" என்றாள் தங்கபுஷ்பம்.

லூர்து ஏதோ பதில் சொன்னாள். அது வார்த்தையாக வரவில்லை. முகமூடிக்கு மேலே தெரிந்த கண்கள் மிரண்டிருந்தன. பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த சாபிராதான் எட்டி அந்த முகமூடியை இழுத்து இறக்கினாள்.

"யம்மாடி! புஷ்பம்மா, வாயி ஒரு பக்கமா கோணிகிச்சி! இன்னா பாத்துகினு நிக்கிற, ஆட்டோ கூப்புடு!"

எக்ஸ்பிரஸ் ரோடு முழுக்கத் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் நின்றிருந்தன. ஆட்டோக்காரர் சந்துகளில் புகுந்து டி.எச். ரோட்டைப் பிடித்தார். பின்சீட்டில் லூர்துவின் தலை தங்கபுஷ்பத்தின் தோளில் கிடந்தது. ஏப்ரனைக்கூட யாரும் கழற்றவில்லை. டோல்கேட் தாண்டும்போது தன் புடவை வெதுவெதுப்பாக நனைவதை தங்கபுஷ்பம் உணர்ந்தாள். லூர்துவுக்கு அடக்க முடியாமல் போயிருந்தது. ஈரம் சீட்டில் பரவி இறங்கியது.

லூர்துவின் இடது கை தங்கபுஷ்பத்தின் முழங்கையைப் பற்றியது. கோணிய வாயால் பாடுபட்டு ஒரு சொல்லைச் சொன்னாள்.

"மன்ச்... மன்ச்சிக்க."

இந்தப் பெண் எதற்குத் தன்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்பது தங்கபுஷ்பத்துக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது.

அந்தக் கம்பெனியில் உரிக்கும் கூடத்திலிருந்து கழிப்பறைக்குப் போய்வருவது சின்னக் காரியம் இல்லை. கையுறை, ஏப்ரன், தொப்பி, முழங்கால் உயர ரப்பர் கம்பூட்ஸ் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். திரும்பி வரும்போது மறுபடி மாட்டி, குளோரின் தண்ணீரில் கால் நனைத்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே உள்ளே விடுவார்கள். எப்படியும் பத்து நிமிடம் ஓடிவிடும். லூர்து ஆறு மாதங்களுக்கு முன்பு, சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் நான்கு தடவை போக ஆரம்பித்தாள். கை வேகத்தில் கூடத்திலேயே முதல் ஆளாக இருந்தவளின் தட்டு மற்றவர்களுடையதைவிடக் குறைவாக நிரம்பியது.

ஒரு நாள் அவள் நான்காம் தடவையாகக் கையுறையைக் கழற்றியபோது தங்கபுஷ்பம் கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"எக்கா லூர்து, பேசாம உனக்கு அங்கயே ஒரு ஸ்டூலப் போட்டுறட்டா? இறாலக் கொண்டாந்து அங்கயே குடுக்கச் சொல்லுதேன்."

நாற்பது பெண்கள் சிரித்தார்கள். லூர்துவும் சிரித்தாள். கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாரமே மேசைக்கு ஒரு சிவப்பு அட்டை வந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஒருத்திதான் வெளியே போகலாம். சாப்பாட்டுக்கு முன்னால் ஓர் ஆள் ஒரு தடவைதான். அதன்பிறகு லூர்து தொந்தரவு கொடுக்கவில்லை. தட்டும் பழையபடி நிரம்பியது. சொன்னால்தான் சரியாகிறார்கள் என்று தங்கபுஷ்பம் நினைத்துக்கொண்டாள்.

அரசு ஆஸ்பத்திரியில் லூர்துவை ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோனார்கள். மகள் ஜெமிமா வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையிலிருந்து, கடைச் சேலையோடே ஓடிவந்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண். அப்பா இறந்து எட்டு வருடம். வீட்டில் தாயும் மகளும்தான்.

வெளியே வந்த டாக்டர் சின்ன வயதுப் பெண்மணி. "மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. சீக்கிரம் கொண்டு வந்துட்டீங்க, அது நல்லது. வந்தப்ப பிரஷர் இருநூறத் தாண்டி இருந்துச்சு. பிரஷர் மாத்திரை சாப்பிடறாங்களா?"

"சாப்புடுது டாக்டர். மாசா மாசம் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரில வாங்கியாருது" என்றாள் ஜெமிமா.

"வீட்டுல இருக்கற மாத்திரையெல்லாம் நாளைக்கு எடுத்துட்டு வாங்க."

டாக்டர் போனதும் ஜெமிமா தங்கபுஷ்பத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ மட்டும் இல்லாங்காட்டி இன்னா ஆயிருக்கும் ஆண்ட்டி? பொடவெல்லாம் நனைஞ்சி கீது பாரு. ஒன்ன நான் மறக்கவே மாட்டேன்."

தங்கபுஷ்பம் கைகளை உருவிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

மறுநாள் அவள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கஞ்சியோடு போனபோது ஜெமிமா ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு லூர்துவின் கட்டிலருகே டாக்டருக்கு எதிரே நின்றிருந்தாள். டின்னைத் திறந்து காட்டினாள். உள்ளே மாத்திரை அட்டைகள் ரப்பர்பேண்டு போட்டுக் கட்டுக்கட்டாக இருந்தன. பாதிக்குமேல் பிரிக்கப்படவே இல்லை.

"அஞ்சி மாசமா ஒயுங்கா போடல டாக்டர். எனக்கே நேத்துதான் தெரியும். அம்மாண்ட கேட்டேன், கொயறி கொயறி சொல்லிச்சி. இத்த காலைல போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருதாம். வேலைல உடமாட்றாங்களாம். அதாங்காட்டி ராத்திரிக்கு மாத்திகிச்சி. ராத்திரி போட்டா தூக்கத்துல நாலு வாட்டி எந்திரிக்கணும். வெடிகாலைல தண்ணி புடிக்கணும், வேலைக்கிப் போணும், எப்டி முடியும்? அப்பறம் லீவு நாள்ல மட்டும் போட்டுகினு இருந்திருக்கு."

"லீவு நாள்லன்னா?"

"ஞாயித்துக்கெயம."

டாக்டர் ஒரு கட்டை எடுத்து, அட்டையிலிருந்த மருந்தின் பெயரைப் படித்தார்.

"காலைலயா ராத்திரியாங்கறது ரெண்டாவது விஷயம்மா. எந்த நேரம் வசதியோ அந்த நேரத்துல, தினமும் விடாம போடணும். அதான் முக்கியம். இந்த மாத்திரைல நீரைப் பிரிக்கற மருந்தும் சேர்ந்திருக்கு. ராத்திரி தூக்கம் கெடக்கூடாதுன்னுதான் காலைல போடச் சொல்றோம். வேலை எடத்துல கஷ்டமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற மாத்திரை மாத்திக் குடுத்திருப்பாங்க. நிறைய இருக்கு."

"அத்த யாரு டாக்டராண்ட போயி சொல்லுவா? அதுக்கு வெக்கம்" என்றாள் ஜெமிமா. பிறகு தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பினாள். "உங்க கம்பெனில யாரோ ஒரு பொம்பள, அத்தினி பேரு முன்னாடி அம்மாவ கேவலமா பேசிட்டாளாம் ஆண்ட்டி. அன்னிலருந்துதான். யாருன்னு கேட்டா பேரு சொல்ல மாட்டேன்னுது. உனுக்குத் தெரியுமா?"

தங்கபுஷ்பம் கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தாள்.

"கேட்டுப் பாக்கேன்" என்றாள்.

அந்த இரண்டு சொற்களைச் சொன்னதுதான் பிறகு அவளை அதிகமாக வதைத்தது. ஸ்டூல் பேச்சைக்கூட வேலை மும்முரத்தில் வாய் தவறி வந்ததென்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடிந்தது. இதற்கு அப்படி எந்தச் சாக்கும் இல்லை. கட்டிலில் கிடந்த லூர்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கண்ணை மூடியிருந்தாலும் இமை துடித்தது.

தங்கபுஷ்பத்துக்கும் பிரஷர் உண்டு. மூன்று வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள். காலையில் இட்லி சாப்பிட்டதும், தண்டையார்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருக்கும் அவள் கணவன் தவசிமுத்து மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து நீட்டுவான். கூடத்தில் அவள் எந்த நேரம் வெளியே போனாலும் யாரும் ஏனென்று கேட்பதில்லை. சூப்பர்வைசருக்கு அட்டையும் கிடையாது, கணக்கும் கிடையாது. வாயில் போட்டுக்கொள்ளும் மாத்திரை உடம்பில் என்ன செய்யும் என்று தெரிந்தவள், லூர்துவைத் தனியாகக் கூப்பிட்டு "என்னக்கா, உடம்புக்கு என்ன?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று அந்த வாரம் முழுக்க யோசித்தாள். தட்டைப் பார்த்தாளே தவிர ஆளைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் காரணம்.

தவசிமுத்துவிடம் சொன்னபோது அவன், "நீ என்ன வேணும்னா செஞ்ச? அந்தம்மா டாக்டர்கிட்டச் சொல்லாம இருந்ததுக்கு நீ என்ன பண்ணுவ? விடு" என்றான். அவன் நீட்டிய மாத்திரையை அவள் வாங்கி விழுங்கினாள்.

மேனேஜர் ஹுமாயூனின் அறைக்கு அவள் போனது அதற்கு மறுநாள். உட்காராமலேயே பேசினாள்.

"சார், அந்த அட்டை ரூலை எடுத்துருவோம். பாவம், சுகர்காரங்க இருக்காங்க, பிரஷர்காரங்க இருக்காங்க. மேலிடத்துல நீங்க ஒரு வார்த்தை பேசணும். புரொடக்ஷன் கொறையாம நான் பாத்துக்கிடுதேன்."

ஹுமாயூன் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பினார். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேச மாட்டார்.

"மேலிடமா? எந்த மேலிடம்? அந்த அட்டையக் கேட்டதே நீங்கதானம்மா. ஆர்டர் நெறைய கீது, பொம்பளைங்க சும்மா சும்மா எந்திரிச்சிப் போறாங்கன்னு வந்து நின்னீங்க. சரி, உங்க இஷ்டம்னு அடிச்சிக் குடுக்கச் சொன்னேன். வாணாம்னா எடுத்துடுங்க. எனக்கு இன்னா?"

கூடத்துப் பெண்களிடம் 'மேனேஜர் ரூல், என் கையில இல்ல' என்று எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லி, அவளே அதை நம்பிப்போயிருந்தாள். அவளைக் கட்டாயப்படுத்தியவர் யாருமே இல்லை. அன்று மத்தியானம் மேசைமேசையாகப் போய்ச் சிவப்பு அட்டைகளைக் கழற்றினாள். பெண்கள் வேலையை நிறுத்தாமல் பார்த்தார்கள். சாபிரா மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "இத்த அப்பவே செஞ்சிருக்கலாம்ல புஷ்பம்மா."

"செஞ்சிருக்கலாம்" என்றாள் தங்கபுஷ்பம்.

லூர்து பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பதினாறு நாளும் தங்கபுஷ்பம் ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு போனாள். ஜெமிமா ஒவ்வொரு தடவையும் நன்றி சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர்களிடம், "எங்கம்மாவோட சூப்பர்வைசரு. கூடப் பொறந்தவங்க கூட இப்டி பாக்க மாட்டாங்க" என்று பெருமையாகச் சொன்னாள். தங்கபுஷ்பம் தூக்கைத் துடைப்பது போலத் தலையைக் குனிந்துகொள்வாள். இன்று சொல்லிவிடுவோம் என்று நினைத்துத்தான் தினமும் பஸ் ஏறினாள். இறங்கி வார்டுக்குள் நுழைவதற்குள், லூர்து கொஞ்சம் தேறட்டும் என்று தோன்றிவிடும். லூர்துவோ அவளிடம் ஒன்றும் பேசவில்லை. கொடுத்ததை வாங்கி இடது கையால் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு அனுப்பிய மறு ஞாயிறு, மத்தியானம் மூன்று மணிக்கு, தங்கபுஷ்பம் காசிமேட்டு ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடி ஏறினாள். கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. லூர்து சுவரில் சாய்ந்து ரப்பர் பந்து ஒன்றை வலது கையால் அழுத்திப் பழகிக்கொண்டிருந்தாள். ஜெமிமா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வா ஆண்ட்டி, டீ போடறேன்."

"வேண்டாம்மா. ஒக்காரு. ஒண்ணு சொல்லணும்." தங்கபுஷ்பம் நின்றுகொண்டே சொன்னாள். "உங்கம்மாவ அன்னைக்குப் பேசுனது யாருன்னு கேட்டல்லா, அது நான்தான். ஸ்டூலப் போட்டுறட்டான்னு கேட்டேன். அட்டை போட வச்சதும் நான்தான். ஆஸ்பத்திரியில நீ கேட்டப்ப சொல்லாம மறைச்சதும் நான்தான்."

ஜெமிமாவின் கையிலிருந்த துணி மடியில் விழுந்தது. அம்மாவைப் பார்த்தாள். லூர்து பந்தை அழுத்துவதை நிறுத்தவில்லை.

"உனுக்குத் தெரியும்ல?" என்றாள் ஜெமிமா அம்மாவிடம். "தெரிஞ்சிகினே இவ குட்த்த சோத்த துன்னியா?"

"பசி" என்றாள் லூர்து. வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். "நீயி... வேலைக்கிப் பூடுவ. யாரு... குடுப்பா?"

ஜெமிமா எழுந்தாள். அவள் குரல் உயரவில்லை. அதுதான் தங்கபுஷ்பத்துக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"பதினாறு நாளு. கைய புட்ச்சிகினு அழுதேன் உன்னாண்ட. ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன். சும்மா நின்னு கேட்டுகினு இருந்த பாரு, அத்த நென்ச்சாதான் எனக்கு பத்திகினு வருது. கெளம்பு ஆண்ட்டி. தயவு செஞ்சி கெளம்பு."

தங்கபுஷ்பம் லூர்துவின் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள். "எக்கா, நான் பேசுனது..."

லூர்து தலையை அசைத்தாள். "நீ பேசுன. அத்த... உட்டுட்டேன். அத்தினி பேரும் சிர்ச்சாங்க. நானும் சிர்ச்சேன் பாரு..." அவள் வாயின் சரிந்த பக்கம் துடித்தது. "அத்ததான்... உட முடில."

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. படிகளில் இறங்கும்போது தங்கபுஷ்பத்துக்குக் கண்ணே தெரியவில்லை. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று எண்ணியிருந்தாள். பாரம் இறங்கவில்லை, இனி அது ஜெமிமாவுக்கும் தெரியும் என்று மட்டும் ஆனது.

ஒரு மாதம் கழித்து ஜெமிமாவிடமிருந்து போன் வந்தது. வணக்கம், சவுக்கியமா ஒன்றும் இல்லை.

"உன்ன மன்னிச்சிட்டேன்னு நென்ச்சிக்காத. எனக்கு வேற ஆளு இல்ல, அதான். நான் இப்போ துணிக்கடைய உட்டுட்டு கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போறேன். ஆறரைக்கு வேன் வந்துடும். அம்மா எட்டு மணிக்கு கஞ்சி குடிச்சிட்டு மாத்திர போடணும். டாக்டரு மாத்திக் குட்த்துட்டாங்க, இதுல அந்தத் தொல்ல இல்ல. ஆனா ஞாபகம் இருக்க மாட்டேன்னுது. ஒரு நாளு ரெண்டு வாட்டி போட்டுகிச்சி, ஒரு நாளு போடவே இல்ல. எனக்கு அங்க போன் எட்த்துகினு போவ உடல. நீ டெய்லி எட்டு மணிக்கு ஒரு போன் பண்ணி கேக்கறியா? முடியும் முடியாதுன்னு இப்பவே சொல்லிடு."

"கேக்கேன்மா."

"லீவு போட்டா கூட கேக்கணும்."

"கேக்கேன்."

அன்றிலிருந்து, எட்டரை மணி ஷிப்டுக்கு முன்னால், கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று தங்கபுஷ்பம் போன் செய்தாள். "போட்டியாக்கா?" என்று கேட்பாள். "போட்டேன்" என்று லூர்து சொல்வாள். உடனே போன் கட்டாகிவிடும். மழை நாளிலும், தவசிமுத்துவின் தங்கை மகன் கல்யாணத்துக்குத் திருச்செந்தூர் போன நாளிலும் அது நிற்கவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மூன்றாம் தடவையும் எடுக்காததும் தங்கபுஷ்பம் ஒரு ஆட்டோவை மறித்து ஏறினாள். காசிமேடு போய்ச் சேரும்வரை அவள் கண்ணுக்குள் லூர்து தரையில் கிடந்தாள். மூன்று மாடியும் ஓட்டமாக ஏறி, கதவைப் படபடவென்று தட்டினாள். உள்ளே பாத்ரூம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்தபடி லூர்து மெல்ல வந்து தாழ்ப்பாளை நீக்கினாள்.

"இன்னா?"

"போன எடுக்கலியேக்கா... நான் என்னமோ ஏதோன்னு..."

லூர்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். மூச்சு வாங்கி, தலை கலைந்து, ஒரு கால் செருப்பு படியிலேயே விட்டுப்போய் நின்றிருந்தாள் தங்கபுஷ்பம்.

"ஒண்ணுக்குப் போறதுக்குக் கூட... உன்னாண்ட கேட்டுகினு போணுமா?"

லூர்து சொன்னது கோபமா கேலியா என்று தங்கபுஷ்பத்தால் அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. பாதி முகம் இன்னும் அசைவற்றே இருந்தது. லூர்து திரும்பி நடந்து பாயில் உட்கார்ந்தாள். மாத்திரை அட்டையை இடது கையால் எடுத்து நீட்டினாள்.

"இத்த பிரி. கை வரல."

தங்கபுஷ்பம் உள்ளே போய் மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தாள். சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். லூர்து விழுங்கிவிட்டு, டம்ளரை வலது கைக்கு மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு விநாடி நின்றது. பிறகு தரையில் வைத்துவிட்டாள்.

"ஷிப்டுக்கு மணியாவுது. போ."

"சாயங்காலம் வரட்டாக்கா?"

லூர்து ரப்பர் பந்தை எடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். தங்கபுஷ்பம் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு இறங்கினாள்.

அன்று சாயங்காலம் அவள் போகவில்லை. போகலாமா கூடாதா என்று தெரியாமல் பஸ் ஸ்டாப்பில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கேட்டுக்கு வெளியே, டேங்கர் லாரிகளின் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறுபடி எண்ணை அழுத்தினாள்.

"போட்டியாக்கா?"

"போட்டேன்."

போன் கட்டானது. அவள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கம்பூட்ஸ் மாட்டிக்கொள்ள உள்ளே போனாள்.